ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு எந்த மாஸ்க்?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது, ஒன்றுமே கட்டாததற்குச் சமம். சர்ஜிகல் மாஸ்க்கும் அப்படித்தான். அது முகத்தோடு ஒட்டுவதே இல்லை. நுரையீரலின் ஆழம்வரை போகும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளின் தடிமன் 3 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு) குறைவு. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, இருமலும் உடனே வராது. அதனால் மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்தாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

என்95 போதாதா என்று பலர் கேட்பார்கள். அதன் வடிகட்டி மோசமில்லை. மெல்லிய விளிம்பு முகத்தில் நிலையாக உட்காராததுதான் சிக்கல். அமெரிக்கக் கட்டுமான விதிகள் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு இந்த வகை மாஸ்க்கை ஏற்பதில்லை. பிரிட்டனில் ஆபத்து குறைந்த, சிறிது நேர வேலைக்கு மட்டும் எஃப்எஃப்பி3 என்ற ஐரோப்பியத் தர மாஸ்க் செல்லும். நான் பரிந்துரைப்பது மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் அல்லது சிலிக்கோன் அரைமுக மாஸ்க்கும், அதில் மாட்டும் பி100 என்ற துகள் வடிகட்டியும்தான். பெயின்ட் ஆவிக்கென வரும் கார்ட்ரிட்ஜை மட்டும் மாட்டினால் பயனில்லை. அது தூசியைப் பிடிக்காது.

பி100 வடிகட்டி 99.97 சதவீதத் துகள்களைப் பிடிக்கும். ஆனாலும் அரைமுக மாஸ்க்குக்கு அமெரிக்காவில் கொடுத்திருக்கும் பாதுகாப்பு எண் வெறும் 10. அதாவது வெளியே இருக்கும் இழைகளில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரக்கூடும் என்றே கணக்கு வைக்கிறார்கள். இவ்வளவு இறக்கத்துக்கு முக்கியக் காரணம் விளிம்புக் கசிவுதான். அமெரிக்காவில் எட்டு மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 இழை. ஆக, அதே அளவு காற்றில் 1 இழைவரைதான் இந்த மாஸ்க் தாங்கும். காய்ந்த ஷீட்டை கிரைண்டரில் அறுத்தால் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

தாடி இருந்தால் இந்த மாஸ்க் வேண்டாம். இரண்டு நாள் முள்தாடியே விளிம்பைத் தூக்கிவிடும். போட்டதும் வடிகட்டிகளை உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுங்கள். மாஸ்க் உள்வாங்கிச் சில விநாடி அப்படியே நிற்க வேண்டும். பிறகு வெளிமூச்சு வால்வை மூடி ஊதுங்கள். கன்னத்திலோ மூக்கோரத்திலோ காற்று பட்டால் வாரைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். வாரை அளவுக்கு மீறி இறுக்கினாலும் விளிம்பு மடங்கிக் கசியும். கவச உடையின் தலைமூடி மாஸ்க் வாருக்கு மேலே வர வேண்டும். கழற்றும்போது ஏன் என்று புரியும்.

தூசி கிளம்பாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. ஷீட்டில் சோப்புக் கரைசல் கலந்த தண்ணீரை மென்மையாகத் தெளித்து ஊறவிட்டு, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி போதும்.

வேலை முடிந்ததும் பலர் முதலில் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார்கள். அப்போதுதான் உடையில் ஒட்டிய இழைகள் நேராக மூக்குக்குப் போகும். உடையை ஈரத்துணியால் துடைத்து, உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றுங்கள். மாஸ்க் கடைசியில்தான், அதையும் முகத்தில் இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். வடிகட்டியைத் தட்டியோ காற்றடித்தோ சுத்தம் செய்யக் கூடாது. மூச்சிழுக்கக் கனமாகத் தெரிந்தால், அல்லது நனைந்துபோனால், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கழிவோடு இரட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போக வேண்டியதுதான்.