நீர்மட்டம்: 21 நிமிட ப்ராக் ராக் பாடல் ஒன்றின் பதிவுக் குறிப்புகள்

அணை கட்டியதில் மூழ்கிப்போன ஓர் ஊர். மழை பொய்க்கும் ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்கி, சுவர்களும் கிணற்று மேடையும் வெளியே தெரிகின்றன. ப்ராக் ராக் (பல பகுதிகளாக நீளும், தாளம் சிக்கலான ராக் இசை) வகையிலான எங்கள் ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க இந்த ஒரே கதைதான். ஐந்து பகுதிகள்: தொடக்கம் 2:30, ஊர் 5:00, நீர் ஏறுதல் 4:10, அடியில் 3:50, வறட்சி 5:30. மொத்தம் 21 நிமிடம். முதல் நான்கு பகுதிகளின் பதிவு முடிந்தது. ஐந்தாவதில் குரலும் ஆர்கனும் பாக்கி.

கருவில் ஒரு விஷயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊர் வெளியே தெரிந்தால் கீழே வயல்களுக்குத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ஊரை இழந்தவருக்கு அதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே சமயம், அதே தண்ணீரை நம்பி விதைத்தவருக்குக் கேடுகாலம். ப்ராக் ராக்கில் கடைசிப் பகுதி என்றால் மெலோட்ரான் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) கோரஸ், உருண்டு வரும் டிரம்ஸ், மேஜர் கார்டில் பிரமாண்ட முடிவு என்று ஒரு வழக்கம் உண்டு. இந்தக் கதைக்கு அது பொருந்தாது. முடிவு வெளிச்சமாக இருக்கலாம், வெற்றியாக இருக்கக் கூடாது. இந்த ஒன்றை முடிவு செய்ததும் சுரம், தாளம், மிக்ஸ் எல்லாவற்றிலும் பாதி கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஐந்து சுரம், மூன்று தரை

21 நிமிடத்தையும் கட்டி வைப்பது ஒரே ஒரு மோட்டிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு சுரத் தொடர்): ஈ, ஜி, ஏ, பி, டி. பேஸ் கிட்டார் ஈ-யில் நிற்கும்போது இது சுத்த தன்யாசி. அதே ஐந்து சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு பேஸை மட்டும் ஜி-க்கு நகர்த்தினால் காதுக்கு மோகனம். கிரக பேதம் (சுரங்களை மாற்றாமல் ஆதார சுரத்தை மட்டும் மாற்றுவது) தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் ராக் இசைக்குழுவில் இதைச் செய்வது பேஸ் வாசிப்பவர் ஒருவரே. கிட்டாரும் கீபோர்டும் ஒரு சுரத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஊரின் சுவர்கள் அதே சுவர்கள், கீழே இருக்கும் தரை மட்டும் வேறு என்ற கருவுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி கிடைக்காது.

இரண்டாம் பகுதியில் பேஸ் ஈ. ஐந்தாம் பகுதியில் ஜி. கடைசி முறை மோட்டிஃப் வரும்போது பேஸ் சி-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். அப்போது ஈ, ஜி, ஏ, பி, டி ஐந்தும் சி-யின் மேல் மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பதாம் இடங்களில் விழும். இனிமையாக இருக்கும், ஆனால் வீடு வந்து சேர்ந்த உணர்வு வராது. இந்த இடத்தில் கீபோர்டு இடக்கையால் சி-யை இரட்டிக்கக் கூடாது. இரட்டித்தால் சி-யே ஆதார சுருதியாகி, முடிவு உறுதியாகிவிடும்.

தாளக் கணக்கு

ஊர் பகுதி 7/8 (சுற்றுக்கு எட்டில் ஒரு நோட்டுகள் ஏழு), கால் நோட்டு நிமிடத்துக்கு 132. எட்டில் ஒரு நோட்டு என்று எண்ணினால் நிமிடத்துக்கு 264. அடுத்த பகுதியான நீர் ஏறுதல் மெதுவாக, கனமாக வர வேண்டும். டெம்போவைச் சும்மா குறைத்தால் பாடல் சோர்ந்துபோனது போலக் கேட்கும். அதனால் எட்டில் ஒரு நோட்டின் வேகத்தைத் தொடவே இல்லை. 264-ஐ மூன்று மூன்றாகக் கட்டினால் 88. அதாவது ஹை-ஹாட் (டிரம்ஸின் இரட்டைச் சிம்பல்) அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, கிக்கும் ஸ்னேரும் மட்டும் 12/8-க்கு மாறி 88-இல் அடிக்கின்றன. தண்ணீர் ஏறும்போது வேகம் குறைவது தெரியாது, எடை கூடுவது மட்டும் தெரியும்.

ரெக்கார்டிங் மென்பொருளின் டெம்போ டிராக்கில் இதை எழுதும்போது ஒரு சிக்கல் வரும். பல மென்பொருள்கள் டெம்போவை எப்போதும் கால் நோட்டில்தான் கணக்கிடும், 12/8-இலும் அப்படித்தான். அங்கே 88 என்று போட்டால் ஹை-ஹாட் தடாலென்று வேகம் இழக்கும். 132 என்றே விட்டுவிட்டு, தாளக் குறியீட்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஊர் பகுதியின் நடுவில் கிட்டார் 7/8-இலேயே நிற்க, டிரம்ஸ் 4/4-க்குப் போகிறது. எட்டில் ஒரு நோட்டுகளாக எண்ணினால் 7-உம் 8-உம் 56-இல் சந்திக்கும்: கிட்டாருக்கு எட்டுச் சுற்று, டிரம்ஸுக்கு ஏழு. இந்த வேகத்தில் ஒரு சந்திப்புக்கு 12.7 வினாடி. நான்கு சந்திப்புகள் வைத்தோம், அதற்கு மேல் போனால் கேட்பவர் எண்ணுவதை விட்டுவிடுவார். இருவருக்கும் ஒரே க்ளிக் (ஹெட்ஃபோனில் கேட்கும் தாள ஒலி) கொடுத்தால் யாராவது ஒருவர் மற்றவர் பக்கம் சாய்ந்துவிடுவார். ஹெட்ஃபோன் மிக்ஸை இரண்டாகப் பிரித்து, டிரம்ஸுக்குக் கால் நோட்டு க்ளிக், கிட்டாருக்கு 3+4 பிரிவின் தொடக்கங்களில் மட்டும் ஒலிக்கும் க்ளிக் என்று கொடுக்க வேண்டும். 264 வேகத்தில் ஒவ்வொரு நோட்டுக்கும் க்ளிக் கொடுப்பது காதைக் குடையும், பயனும் இல்லை.

கிட்டாரின் டிலேயும் (எதிரொலி எழுப்பும் கருவி) இதே கணக்கில்தான். 7/8-இன் ஒரு சுற்று 1591 மில்லி வினாடி. டிலேயை அந்த நேரத்தில் ஒரே ஒரு எதிரொலியோடு வைத்தால், போன சுற்றில் வாசித்தது இந்தச் சுற்றின் மேல் சரியாக விழுந்து, ஒரே கிட்டாரில் இரண்டு குரல் கேட்கும். வழக்கமான கால் நோட்டு டிலே வைத்தால், சுற்றில் ஏழு எண்ணிக்கை இருப்பதால் எதிரொலிகள் அடுத்த சுற்றின் பலவீனமான இடங்களில் விழுந்து ரிஃப்பை (திரும்பத் திரும்ப வாசிக்கும் கிட்டார் மெட்டை) குழப்பும்.

வரிகள்

தமிழில் ஒற்றைப்படைத் தாளத்துக்கு எழுதும்போது நெடிலும் குறிலும் எங்கே விழுகின்றன என்பதே முக்கால் வேலை. தகிட தகதிமி என்று 3+4 ஆக ஓடும் ரிஃப்பில் “ஊரு நீரில், பேரு சேற்றில்” அலுங்காமல் உட்காரும்: ஊ இரண்டு, ரு ஒன்று, பிறகு நீ இரண்டு, ரில் இரண்டு. இரண்டாவது பிரிவின் அழுத்தம் நெடிலின் தலையில் விழுகிறது. அதே ரிஃப்பில் “மூழ்கிய ஊர்” என்று பாடினால் அழுத்தம் “ய” மேல் விழுந்து “மூழ்கி, யவூர்” என்று உடைந்து கேட்கும். சொல்லை மாற்ற மனமில்லை என்றால் ரிஃப்பை 4+3 ஆகத் திருப்ப வேண்டும். மூழ்கிய என்பது நான்கு எண்ணிக்கையில் முடிந்து, ஊர் மூன்றுக்கு நீண்டு நிற்கும். இரண்டாம் சரணத்தில் அதையே செய்தோம். மெட்டு போட்ட பிறகு வரி எழுதுபவர்கள் க்ளிக்கோடு சேர்த்து வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் எழுத வேண்டும். தாளில் அழகாக இருக்கும் பல வரிகள் இந்தச் சோதனையில் தேறாது.

பாடுபவர் யார் என்பதும் பகுதிக்குப் பகுதி மாறும். ஊர் பகுதியில் “நாங்கள்”. நீர் ஏறுதலில் “நீங்கள்”, அரசு அறிவிப்பின் தொனியில். அடியில் பகுதியில் குரலே இல்லை. வறட்சியில் பாடுவது அந்த ஊரைப் பார்த்தே இராத அடுத்த தலைமுறை.

டிரம்ஸும் பேஸும்

டிரம்ஸுக்கு நான்கு மைக் போதும்: கிக், ஸ்னேர், இரண்டு ஓவர்ஹெட் (டிரம்ஸ் முழுவதையும் எடுக்கும் மைக்). ஒலிப்பொறியாளர் க்ளின் ஜான்ஸின் முறைப்படி ஓர் ஓவர்ஹெட் ஸ்னேருக்கு நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில், இன்னொன்று ஃப்ளோர் டாமுக்கு அப்பால் ஸ்னேரைப் பார்த்தபடி. இரண்டுக்கும் ஸ்னேரின் நடுவிலிருந்து தூரம் ஒன்றாக இருக்க வேண்டும், அதைக் கயிற்றால் அளக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் பிசகினால் ஒலி 0.3 மில்லி வினாடி தாமதமாகும். இரண்டையும் மோனோவில் (ஒரே சேனலில்) சேர்க்கும்போது 1.7 கிலோ ஹெர்ட்ஸ் வட்டாரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஸ்னேரின் கூர்மை அந்த இடத்தில்தான் இருக்கிறது. பிறகு ஈக்வலைசரால் எவ்வளவு ஏற்றினாலும் அது திரும்ப வராது.

பேஸை இரண்டாகப் பிரித்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமாகவும் மேலே டிஸ்டார்ஷனோடும் வைத்தோம். டிஸ்டார்ஷன் பிளகின் சில சாம்பிள்கள் தாமதிக்கும். சேர்த்துக் கேட்கும்போது ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் ஒலி கனத்தால் முதலில் இருந்த நிலை தவறு.

தண்ணீருக்கு அடியில்

நான்காம் பகுதிதான் அதிக வேலை வாங்கியது. எல்லாவற்றுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் (உயர்ந்த சுருதிகளைத் தடுக்கும் வடிகட்டி) போட்டு மங்கவைப்பது எளிய வழி, சினிமாவில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் பழக்கமும் ஆகிவிட்டது. ஆனால் தண்ணீரில் காது முக்கியமாக இழப்பது திசை. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், தண்ணீரில் சுமார் 1480. இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குவதால், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே தெரியாது. எனவே மூன்றாம் பகுதியின் கடைசி 16 பார்களில் (தாளச் சுற்றுகளில்) ஸ்டீரியோ அகலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நான்காம் பகுதி முழுவதையும் மோனோவில் வைத்தோம். ஃபில்டர் லேசாகத்தான், 3 கிலோ ஹெர்ட்ஸில். வறட்சி தொடங்கும் நொடியில் அகலம் முழுதாகத் திறக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் கரையேறும் இடம் தலைக்குள்ளிருந்து வெளியே விரிவது போல இருக்கும். இந்த ஒரு மாற்றம் செய்ததை எந்த ரீவெர்பும் செய்யவில்லை.

அங்கே ஒலிக்கும் மணி நிஜ வெண்கல மணி. அடித்துவிட்டு, ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக இறக்கினால் சுருதி கீழே சரியும், ஏனெனில் அதிரும் உலோகத்தோடு தண்ணீரின் எடையும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1939-லேயே காங்கை (பெரிய உலோகத் தட்டு) தண்ணீரில் இறக்கி இதைப் பயன்படுத்தினார்.

தண்ணீருக்குள் போட்ட மைக், 27 மில்லிமீட்டர் பீசோ (அதிர்வை மின்சாரமாக்கும்) தகட்டில் கையால் செய்தது. நடுவிலுள்ள வெள்ளிப் பூச்சில் சால்டரிங் இரும்பு இரண்டு வினாடிக்கு மேல் நின்றால் பூச்சு உரிந்துவிடும். வெளி வளையத்துக்குக் கேபிளின் ஷீல்டு, நடுவுக்கு உள் கம்பி. பிறகு திரவ ரப்பர் இரண்டு பூச்சு, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கேபிள் நுழையும் இடத்தில்தான் தண்ணீர் கசியும், அங்கே மூன்றாவது பூச்சும் தேவை. இதைச் சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் ஒலி தகர டப்பா போல இருக்கும். காரணம் தகடு அல்ல, இன்புட். தகட்டின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 20 நானோ ஃபாரட். 10 கிலோ ஓம் இன்புட்டோடு அது சேர்ந்தால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கான 1 மெகா ஓம் இன்புட்டில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

மணியின் பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் ஓர் ஆக்டேவ் இறங்கும், நீளம் இரட்டிக்கும். 48 கிலோ ஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில் பதிந்திருந்தால் மேலே 12 கிலோ ஹெர்ட்ஸோடு ஒலி நின்றுவிடும், 96-இல் பதிந்தால் இடம் இருக்கும். அதற்காக 96 மாயம் செய்துவிடாது. பெரும்பாலான மைக்குகள் 20 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டி அதிகம் எடுப்பதில்லை, எனவே பாதி வேகத்தில் 10-க்கு மேலே வெறுமைதான். தண்ணீருக்கு அடியில் அது குறையாகத் தெரியாது. வெட்டவெளியில் வரும் ஒலிக்கு இந்த உத்தியைக் கையாண்டால் தெரியும்.

மெலோட்ரானும் இணைப்புகளும்

மெலோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி டேப், ஒவ்வொன்றும் சுமார் எட்டு வினாடி. சாம்பிள் பிளகின்களில் முடிவில்லாமல் ஒலிக்கும் வசதி இருக்கும், அதை அணைத்துவிடுவது நல்லது. 12/8-இல் 88 வேகத்தில் ஒரு பார் 2.73 வினாடி, மூன்று பார் 8.18. கார்டை மூன்று பார் பிடித்தால் கடைசியில் ஒலி தீர்ந்துபோகும். எனவே விரல்களை ஒவ்வொன்றாக, வெவ்வேறு நேரத்தில் எடுத்து மறுபடி அழுத்த வேண்டியிருக்கிறது. மெலோட்ரான் இசைக்கு அந்த மூச்சு வாங்கும் தன்மை வருவதே இந்தத் தட்டுப்பாட்டால்தான்.

பகுதிகளைத் தனித்தனியே பதிந்து ஒட்டுவது இந்த இசையில் பழைய பழக்கம். பிரிட்டிஷ் ப்ராக் ராக் குழுவான யெஸ்ஸின் 1972-ஆம் ஆண்டு ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ சுமார் 18 நிமிடப் பாடல், துண்டு துண்டாகப் பதிந்து ஒலிப்பொறியாளர் எடி ஆஃபர்டு டேப்பை வெட்டி ஒட்டியதுதான். கணினியில் வெட்டுவது சுலபம், ஆனால் தவறுவது அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே இடத்தில்: பார் கோட்டிலேயே வெட்டினால் முந்தைய பகுதியின் சிம்பலின் வால் துண்டிக்கப்படும். ஒவ்வொரு பகுதியையும் முந்தையதன் கடைசி இரண்டு பார்களிலிருந்து வாசிக்கத் தொடங்கி, அடுத்ததன் முதல் நான்கு பார் வரை வாசித்துவிட்டு நிறுத்தினால் ஒட்டுவதற்கு வால் கிடைக்கும். வெட்டு கிக்கின் அடிக்குச் சற்று முன்னால், கிராஸ்ஃபேடு (ஒன்று மங்க மற்றது எழும் இணைப்பு) 5 முதல் 10 மில்லி வினாடி.

மாஸ்டரிங், பாக்கி வேலை

ஒரு பக்கத்தில் 21 நிமிடம் என்பது 12 அங்குல இசைத்தட்டுக்குச் சற்றே இறுக்கம். நேரம் கூடக் கூடப் பள்ளங்கள் நெருங்க வேண்டும், அதனால் ஒலி அளவைக் குறைத்தே வெட்டுவார்கள். அதைவிட முக்கியம், பக்கத்தின் முடிவு எங்கே விழுகிறது என்பது. 33⅓ சுழற்சியில் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே முடியும் இடத்தில் 21 மட்டுமே. சிம்பலும் “ச”, “ஸ” ஒலிகளும் அங்கேதான் கரகரக்கும். ப்ராக் ராக்கின் பிரமாண்ட முடிவுகள் பெரும்பாலும் தட்டின் மிக மோசமான இடத்தில் போய் உட்காருகின்றன. இந்தப் பாடலில் உச்சம் நீர் ஏறுதலின் முடிவில், 11:40-இல் வருகிறது. கடைசி மோட்டிஃப்பில் ரைடு சிம்பலே இல்லை, ஸ்னேரில் பிரஷ் மட்டும். கதைக்காக எடுத்த முடிவு தட்டுக்கும் ஒத்துப்போகிறது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ, இல்லையென்றால் ஊசி மேலும் கீழும் ஆடித் தாவும்.

ஆர்கனில் லெஸ்லி ஸ்பீக்கரின் (சுழலும் பாகங்களால் ஒலியை அலைபாய வைப்பது) மேல் ஹார்ன் சட்டென்று வேகம் பிடிக்கும், கீழ் ரோட்டர் சில வினாடி எடுத்துக்கொள்ளும். எனவே பேஸ் ஜி-க்கு மாறும் இடத்தில் வேகம் கூடியிருக்க வேண்டும் என்றால் சுவிட்சை ஒரு பார் முன்னாலேயே தட்ட வேண்டும். ஆர்கன் பதிவானதும் ஐந்தாம் பகுதியின் குரல், பிறகு முழு 21 நிமிடத்தையும் மோனோவில் ஒருமுறை ஓடவிட்டு எந்தப் பகுதியில் எந்தக் கருவி காணாமல் போகிறது என்று குறித்துக்கொள்ளும் வேலை.