சிறு ஆர்என்ஏ படிக்க வருகிறவர்கள் முதலில் ஓர் எலி வளையைப் பாருங்கள்

முதுகலை இரண்டாம் வருடத்தில் எங்கள் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. சம்பா நடவு நடந்த வாரம் அது. கண் இரண்டும் சிவந்து, கெண்டைக்கால் வலியில் எழுந்து நிற்கக்கூட முடியாமல் கிடந்தார். நாலாம் நாள் உடம்பு மஞ்சளித்தது. காமாலை என்று நினைத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். சிறுநீர் நன்றாகக் குறைந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் தேறி வீடு திரும்ப மூன்று வாரம் ஆயிற்று.

லெப்டோஸ்பைரா என்ற பெயரை அதற்கு முன் எத்தனையோ தடவை பரீட்சைத் தாளில் எழுதியிருக்கிறேன். எங்கள் வரப்பு எலியின் சிறுநீரகத்தில் அந்தக் கிருமி குடியிருக்கிறது, எலிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் சிராய்ப்போடு நிற்பவருக்குத்தான் ஆபத்து. தனித்தனியாகத் தெரிந்திருந்த இந்த மூன்றும் அன்றைக்குத்தான் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. எலிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்ற கேள்விதான் என்னைப் பிஎச்டிக்குக் கொண்டுபோனது. மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்என்ஏ துண்டுகள்தான் மைக்ரோ ஆர்என்ஏக்கள். கிருமி இருக்கும் எலியின் சிறுநீரகத்தில் அவற்றின் அளவு மாறுகிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சிறு ஆர்என்ஏ என்ற ஒரே பெயருக்குள் பல வகை இருக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளம். நம் மரபணுவிலிருந்தே உருவாகி, டைசர் என்ற நொதி வெட்டியபின் வேலைக்கு வரும். எஸ்ஐ ஆர்என்ஏ 21 முதல் 23 எழுத்து வரை. இரட்டை இழை ஆர்என்ஏவை டைசர் வெட்டுவதால் கிடைப்பது. பிவி ஆர்என்ஏ கொஞ்சம் நீளம், அதற்கு டைசரே தேவையில்லை. பாக்டீரியாவில் சிறு ஆர்என்ஏ என்றால் கதையே வேறு. 50 முதல் சில நூறு எழுத்து வரை போகும், டைசர் அங்கே கிடையாது. என் பிஎச்டி நேர்முகத்தில் முதல் கேள்வியே, "நீங்கள் சொல்லும் சிறு ஆர்என்ஏ யாருடையது? எலியுடையதா, கிருமியுடையதா?" என்பதுதான். இதற்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால் பாதி தெளிவு வந்துவிட்டது என்று பொருள்.

வரலாற்றை மனப்பாடம் செய்யாமல் மூலக் கட்டுரைகளைப் படியுங்கள். ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-ல் எழுதியதை ஒரே மாலையில் படித்துவிடலாம். புழுவுக்குள் ஒற்றை இழை ஆர்என்ஏவைச் செலுத்தினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, இரட்டை இழையைச் செலுத்தினால் தசை மரபணு அடங்கிப் புழு துடிக்கிறது. அவ்வளவு சுத்தமான சோதனை. 2006-லேயே நோபல் கிடைத்தது. விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் 1993-ல் மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டபோது, புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2000-ல் லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ மனிதன் வரை இருப்பது தெரிந்த பிறகே கவனம் திரும்பியது. அவர்களுக்கு நோபல் வந்தது 2024-ல். தொற்றுநோய்ப் பக்கம் ஆர்வம் இருந்தால் 2005-ல் வந்த மிர்-122 ஆய்வைப் படியுங்கள். ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகுவதற்கு நம் கல்லீரலின் மைக்ரோ ஆர்என்ஏவையே துணைக்கு வைத்துக்கொள்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ என்றால் அடக்குவது மட்டும்தான் என்ற பாடப்புத்தக எண்ணம் அத்தோடு போய்விடும்.

ஆய்வு உதவித்தொகைக்கான நெட் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தாளில் பகுதி சி-யில் 75 கேள்விகள் இருக்கும், 25 எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தவறானால் கால் பங்கு போகும். நான் முதல் தடவை எல்லா அலகையும் மேலோட்டமாகப் படித்துத் தோற்றேன். இரண்டாம் தடவை ஆறு அலகுகளை மட்டும் எடுத்து ஆழமாகப் படித்தேன். பழைய வினாத்தாள்களில் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலும், மற்ற மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று நோட்டில் எழுதினேன். தாவர மைக்ரோ ஆர்என்ஏ ஏறக்குறைய முழுவதும் பொருந்தி இலக்கை வெட்டும், விலங்கில் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் அடக்கிவிடும். இந்த மாதிரி வித்தியாசங்களெல்லாம் அப்படி எழுதியதால்தான் மனதில் நின்றன. ஜேஆர்எஃப் என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். வீட்டுச் சூழ்நிலை இறுக்கமாக இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம், இரண்டு தடவை எழுதத் தயங்காதீர்கள்.

இனி வயலுக்கு வருவோம். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான்.

ஆய்வுக்கு வந்த முதல் ஆறு மாதம் லேபை விட்டு நகரவில்லை. எலி வேண்டும் என்றபோது, எங்கள் பக்கத்தில் கிட்டி வைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். தஞ்சாவூர்க் கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்துச் சுருக்கு வைத்த பொறி. சாயங்காலம் வரப்போரம் நடந்துபோனோம். ஒரு வளையைக் காட்டினார். வாசலில் அரைத்த மாதிரிப் பொடிமண் குவிந்திருந்தது. விரலால் தொட்டுவிட்டு, "ஈரமா இருக்கு பாருங்க தம்பி, உள்ள ஆள் இருக்கு" என்றார். பக்கத்தில் இன்னொரு வளை, வாயில் சிலந்தி வலை. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலைந்து தூர் நெற்பயிர் அடியில் சாய்வாக, கத்தியால் சீவியது போல வெட்டுப்பட்டுக் கிடந்தது. "இது தின்ன வெட்டல தம்பி, பல்லு வளராம இருக்க வெட்டுது" என்றார். எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும் என்று நான் படித்திருந்ததை அவர் பயிரில் காட்டினார்.

வேளாண்துறையில் எலியின் நடமாட்டத்தைக் கணக்கிடும் முறையும் இதே மாதிரிதான். சாயங்காலம் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணுவது. செலவே இல்லாத முறை. இதைச் செய்யாமல் எந்த மருந்தையும் சோதித்ததாகச் சொல்லாதீர்கள்.

அப்புறம், எது எந்த எலி என்று கண்ணால் பிரிக்கப் பழகுங்கள். டெல்டா வயலில் அதிகம் சேதம் செய்வது சிறு பெருச்சாளி. வளைக்குள் நெற்கதிரைச் சேர்த்து வைக்கும். வெள்ளெலி, வயல் சுண்டெலி இரண்டும் வேறு. மூஞ்சூறு எலியே அல்ல, பூச்சி தின்னும் தனி இனம். ஆனாலும் கூண்டில் விழும். அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். வேலூர் தொட்டப்பாளையத்தில் 1964-ல் ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ்தான் பிற்பாடு ஹன்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இன்றும் அதற்குத் தொட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர்.

கிட்டியில் விழுந்த எலிகளை விடியற்காலையில் எடுத்துவந்து சிறுநீரகத்தை வெட்டி ஆர்என்ஏ எடுத்தேன். எல்லாம் சிதைந்திருந்தது. இரவு பத்து மணிக்கு இறந்த எலியின் திசுவில் காலை ஆறு மணிக்கு நல்ல ஆர்என்ஏ எங்கே இருக்கும்? கிருமியின் டிஎன்ஏவைத் தேட அந்த எலி போதும். ஆர்என்ஏவுக்குக் கூண்டுப் பொறியில் உயிரோடு பிடித்த எலிதான் வேண்டும். பொறியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஆய்வின் முடிவும் பாதி தீர்மானமாகிவிடுகிறது. இப்போது ஒரு சிறுநீரகத்தை டிஎன்ஏவுக்கும் மற்றதை ஆர்என்ஏவுக்கும் பிரித்துக்கொள்கிறேன். ஆர்என்ஏ பாதுகாப்புத் திரவத்தில் போடும் துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. தடித்த துண்டின் நடுவரை திரவம் இறங்காது.

அடுத்த அடி லேபில் விழுந்தது. பதினெட்டு எலிகளின் மாதிரியை, ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க விற்கும் சாதாரண கிட் (வடிகட்டியும் திரவங்களும் சேர்ந்த தொகுப்பு) ஒன்றில் போட்டுச் சுத்தம் செய்தேன். அளவும் தரமும் அருமையாக இருந்தன. மைக்ரோ ஆர்என்ஏ மட்டும் கிட்டத்தட்ட இல்லை. அந்த வகைக் கிட்டின் வடிகட்டி 200 எழுத்துக்குக் குறைந்த ஆர்என்ஏவைப் பிடித்து வைப்பதில்லை, கழுவும் திரவத்தோடு போய்விடும். கையேட்டில் ஒரே ஒரு வரியில் இருந்ததை நான் படிக்கவில்லை. நாலு மாத உழைப்பு. சிறு ஆர்என்ஏவையும் பிடிக்கும் கிட்தானா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஆர்என்ஏ தர எண் நன்றாக இருந்தால் மைக்ரோ ஆர்என்ஏவும் நன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அந்த எண் பெரிய ரைபோசோம் ஆர்என்ஏவை வைத்துச் சொல்வது. முழு வேலைக்கு முன் இரண்டே மாதிரியில் லெட்-7 வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். விலங்கினங்களில் அது பெரிதாக மாறாத ஆர்என்ஏ, பெருச்சாளிக்கும் பொருந்தும்.

எந்த நேர்முகத்திலும் கேட்கப்படும் ஒரு கேள்வி: எஸ்ஐ ஆர்என்ஏவையே எலி மருந்தாக்கினால் என்ன? கேட்க ஆசையாகத்தான் இருக்கும். உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராகத் தெளிக்கும் இரட்டை இழை ஆர்என்ஏ மருந்து லெட்ப்ரோனாவுக்கு அமெரிக்கா 2023 டிசம்பரில் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் அந்த வண்டின் குடல் ஆர்என்ஏவை உள்ளே விடுகிறது. எலி பாலூட்டி. அதன் வயிற்று அமிலமும் நொதிகளும் ஆர்என்ஏவைச் சிதைத்துவிடும், தப்பியதும் குடல் சுவரைத் தாண்டுவது கடினம். 2018-ல் அனுமதி பெற்ற முதல் எஸ்ஐ ஆர்என்ஏ மருந்தான பாட்டிசிரானையே கொழுப்புத் துகளில் பொதிந்து ரத்தக் குழாய் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். இரையில் கலந்து வரப்பில் வைப்பதற்கு இன்னும் வெகுதூரம். மனிதனையும் ஆட்டையும் நாயையும் விட்டுவிட்டு எலியை மட்டும் தாக்கும் 21 எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது உண்மையான நம்பிக்கை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தடை எங்கே என்று தெரிந்து பேசுபவரைத்தான் தேர்வுக்குழு நம்பும்.

அதுவரை விவசாயி கையில் இருப்பதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். துத்தநாக பாஸ்பைடு என்ற எலி விஷத்தைத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. அதனால்தான் இரண்டு மூன்று நாள் வெறும் இரை வைத்துப் பழக்குகிறார்கள். புரோமாடியோலோன் மெதுவாக, பல நாள் கழித்துக் கொல்வதால் எலிக்குச் சந்தேகம் வராது. ஆனால் அந்த எலியைத் தின்னும் ஆந்தையின் கல்லீரலிலும் அது தங்கும். ஒருவர் மட்டும் தன் வயலில் வைத்தால் பத்து நாளில் பக்கத்து வயல் எலி வந்துவிடும். கதிர் பொதிக்கு வரும் முன் ஊரே சேர்ந்து வைக்க வேண்டும். எந்த மூலக்கூறு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் பாதுகாப்பை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விலங்கு நெறிக்குழு அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், சேர்ந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். கூண்டைத் தொடும்போது இரண்டு கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். எலி உடம்பிலிருந்து உண்ணிப்பேன் ஏறினால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரலாம், அதனால் முழுக்கை சட்டை. வயலுக்குப் போய்வந்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "நான் எலி பிடிக்கிற வேலை செய்கிறேன்." மாமாவின் வயல் வேலையைப் பற்றி முதல் நாளே யாரிடமாவது சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க மாட்டார்.