கிடாரிக்கு மடி தேறும் வரை பட்ட பாடு

ஒரு ஜெர்சி கலப்புக் கன்றைக் கிடாரியாக (இன்னும் ஈனாத இளம் பசுவாக) வளர்த்துத் தலையீத்து, அதாவது முதல் ஈற்று, முடிந்து கறவை வரை கொண்டு வந்தாயிற்று. நாலு காம்பிலும் பால் வருகிறது. சொன்னால் இரண்டே வரிதான். நடுவில் எத்தனை பேர் அந்த மடியைக் கெடுக்கப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் என் ஆத்திரம் அடங்காது. அத்தனை பேரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அதுதான் கொடுமை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில், பால்குடி மறக்காத கன்றாக வாங்கினோம். பின்காம்புகளுக்குப் பின்னால் அரிசி அளவுக்கு ஐந்தாவதாக ஒரு காம்பு துருத்திக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "வளர வளர மறைஞ்சுருமுங்க" என்றார் விற்றவர். மறையாது. கன்றோடு சேர்ந்து வளரும். சிலதில் பாலும் கசியும், அந்த வழியாகக் கிருமி உள்ளே போனால் மடிநோய். கறவை மெஷின் போடுகிறவர்களுக்கு அது குறுக்கே நின்று கப்பையும் சரியாகப் பொருந்த விடாது. விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எடுத்துவிடலாம் என்று வாடகை வண்டி பிடித்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஏற்றிப் போனால், டாக்டர் முகாமுக்குப் போய்விட்டார். அங்கிருந்த உதவியாளர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்குப் போயி வண்டி வெச்சுக் கொண்டாந்தீங்களா? சினையாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வண்டி வாடகை போனதுதான் மிச்சம். ஊர் திரும்பினால் பெரியவர் ஒருவர், நூல் கட்டினால் தானே உதிர்ந்துவிடும் என்று கிளம்பி வந்தார். கன்றைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, இருட்டுக் கட்டுத்தறியில் தடவித் தடவி நூலைச் சுற்ற ஆரம்பித்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் அவர் விரலில் இருந்தது நிஜமான இடது பின்காம்பு! கையைப் பிடித்து நிறுத்தினேன். கோபித்துக்கொண்டுதான் போனார். போகட்டும்.

டாக்டர் கையில் ஒருவழியாக வேலை நடந்தபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கன்றை மல்லாத்திக் கால்களை விரித்துப் பிடித்து, முதலில் நாலு காம்பையும் சதுரமாக எண்ணிக் காட்டினார். சதுரத்துக்கு வெளியே நிற்பதுதான் அதிகப்படி. எது எது என்று சந்தேகம் வந்தால், அல்லது இரண்டு காம்பு அடியில் ஒட்டிப் பிறந்திருந்தால், கத்தரியே எடுக்கக் கூடாது, கொஞ்சம் வளரவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அயோடின் தடவி, இழுத்துப் பிடித்து, வளைந்த கத்தரியால் தலை-வால் வாக்கில் நீளமாக ஒரே வெட்டு. அப்படி வெட்டினால் தழும்பு தோலோடு படிந்துவிடுமாம். ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அவ்வளவுதான். ஈ மொய்க்காமல் நாங்கள் வேப்பெண்ணெய் தடவி வந்தோம். முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் இவ்வளவு சுலபம். பெரிதான பிறகு ரத்தக்குழாய் தடித்துவிடும், மரத்துப்போக ஊசி போட வேண்டும், தையலும் போட வேண்டும். "சினையாகட்டும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த சண்டை தீனியில். நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பால் குடிக்கும் வயதில், பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற ஆசையில் கன்றின் வயிற்றில் அடிக்கிறோம். அப்புறம் ஆறு மாதம் ஆனதும், சீக்கிரம் பருவத்துக்கு வரட்டும் என்று பருத்திக்கொட்டையும் மக்காச்சோள மாவுமாகக் கொட்டுகிறோம். இரண்டுமே மடிக்கு ஆகாது. முதல் இரண்டு மாதம் பால் நன்றாகக் கிடைத்த கன்றுக்குத்தான் மடிக்குள் பால் சுரக்கிற சதை கூடுதலாக உண்டாகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்பார்கள். அதைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று மாதம் தொடங்கிப் பருவத்துக்கு வரும் வரை, உடம்பு வளர்கிறதைவிட வேகமாக மடி வளர்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கிற கொழுப்புத் திட்டுக்குள் பால் குழாய்கள் வேர் இறங்குகிற மாதிரி கிளை விட்டுப் படரும். அந்தச் சமயத்தில் மாவுச்சத்தைக் கொட்டிக் கொழுக்க வைத்தால் திட்டு பெருக்கும், கிளை குறையும். 1982லேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள் என்றார் டாக்டர்.

அதனால் எங்கள் கன்றுக்குக் கோ-4 தீவனப் புல், வேலிமசால் தழை, அளவாக அடர்தீவனம், தாது உப்பு, அவ்வளவுதான். நாளுக்கு 400, 500 கிராம் எடை ஏறினால் போதும் என்று கணக்கு. வந்தவர் போனவரெல்லாம், "ஏனம்மிணி, கன்னு இப்படி மெலிஞ்சு கெடக்குது?" என்று துக்கம் விசாரித்தார்கள். மெலிவெல்லாம் இல்லை, நீளமும் உயரமுமாக வளர்ந்துகொண்டிருந்தது. மாமியார் எனக்குத் தெரியாமல் புண்ணாக்குத் தண்ணீர் வைத்ததை நானும் தெரியாத மாதிரி விட்டுவிட்டேன், புண்ணாக்கில் புரதம்தானே! பக்கத்துத் தோட்டத்துக் கிடாரி அதே வயதில் உருண்டு திரண்டு நின்றது. பார்த்த தரகர், "மடி இப்பவே எறங்கிருச்சே" என்று புகழ்ந்தார். அந்த வயதில் இறங்கியிருப்பது பெரும்பாலும் கொழுப்பு. சந்தையில் கிடாரி வாங்குகிறவர்கள் இதில் ஏமாறாதீர்கள்.

எடையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து வால் பக்க எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 58, நீளம் 48 என்றால் ஏறத்தாழ 245 கிலோ. சினை ஊசிக்கு வயதைப் பார்க்காமல் அந்த எடையைப் பார்த்துத்தான் போட்டோம். முதல் ஊசி நிற்கவில்லை, இரண்டாவது நின்றது.

அதற்கு முன்னால் ஒரு பெரிய கண்டம். மேய்ச்சலுக்குக் கட்டுகிற இடத்தில் பக்கத்து வீட்டுக் கன்றும் நிற்கும். பால் குடித்து முடித்த வாய், ஊறிக்கொண்டே இருக்கும் போல. எங்கள் கன்றின் காம்பைச் சப்ப ஆரம்பித்துவிட்டது. வலது முன்காம்பு நுனி சிவந்து, ஈரமாகப் பளபளவென்று இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். "கன்னு கன்னைச் சப்புறதுல என்ன ஆகிடும்?" என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். கன்றீன்ற பிறகு அந்தக் காம்பு பால் வராத குருட்டுக் காம்பாக நின்றால்தான் என்ன ஆகும் என்று தெரியும். நாங்கள் கட்டும் இடத்தை மாற்றினோம். அவர்கள் கன்றுக்கு, சப்பப் போனால் குத்துகிற முள் வளையம் ஒன்றை நானே வாங்கி மூக்கில் மாட்டினேன். பால் கொடுத்த கையோடு ஒரு பிடி உலர்தீவனம் வைத்தாலே பாதிக் கன்றுகள் இந்தப் பழக்கத்துக்குப் போகாது.

புரூசெல்லா தடுப்பூசி பெண் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அந்தக் கிருமி சினையைக் கலைப்பதோடு மடியிலும் தங்கிப் பாலில் வரும். கன்றுக்கு ஏழு மாதம் ஓடிக்கொண்டிருந்தபோது ஊசி போட வந்தவர், மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார். அடுத்த சுற்றுக்குள் வயது தாண்டிவிடும் என்று விடாமல் போன் போட்டு, வேறு கிராமத்து முகாமில் போட வைத்தேன். என் ஒரே வெற்றி இதுதான் என்று நினைக்கிறேன்.

சினை ஐந்து மாதத்தில் மடி கட்ட ஆரம்பித்தது. உடனே ஆளாளுக்குக் காம்பைப் பிதுக்கி, தேன் மாதிரி வருகிறதா என்று பார்க்க வந்துவிட்டார்கள். காம்புத் துளையை ஒரு அடைப்பு மூடியிருக்கிறது. பிதுக்கினால் அது போய்விடும், கிருமிக்குக் கதவு திறந்த மாதிரிதான். சித்தப்பா ஒருவரை மரியாதையாகத் தடுக்கவே முடியவில்லை. மாட்டை வீட்டுக்குப் பின்னால் மாற்றிக் கட்டிவிட்டோம்.

ஈனுவதற்கு முந்தின வாரம் மடி கல்லாக வீங்கி வயிற்றடி வரை நீர் கோத்தது. கட்டை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நோய் என்று பயந்து கறந்துவிடச் சொன்னார்கள். தலையீத்தில் இது சகஜம். கறக்காமல், உப்பை நிறுத்தி, காலையும் மாலையும் மெதுவாக நடக்க வைத்தோம். ஈன்ற பிறகு தானாக வடிந்தது. அந்தச் சப்பப்பட்ட வலது முன்காம்பில் மட்டும் முதல் இரண்டு நாள் பால் திரிதிரியாக வந்தது. டாக்டர் காம்புக்குள் மருந்து ஏற்றினார். அவர் சொன்ன கெடு முடியும் வரை பாலைக் கீழே ஊற்றினோம். இப்போது அந்தக் காம்பு மற்றதைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கறக்கிறது.

காப்பீட்டுக்குப் போனபோதுதான் கடைசிக் குட்டு. காதில் இருக்கும் 12 இலக்க எண் போட்ட அடையாள வில்லை கணினியில் இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. அவர் ஆதார் வேண்டும், போன் வேண்டும் என்றார்கள். அவர் தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். கன்றை வாங்குகிற அன்றைக்கே கால்நடை ஆய்வாளரைப் பிடித்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் மாறவில்லை, திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.