வேனில் இன்வெர்ட்டர்: நான்கு குண்டு பல்பும் ஒன்றரை வோல்ட்டும்

வேனின் பின்பக்கத்தைச் சின்னப் பட்டறையாக மாற்றும் வேலையில் தட்டுகள், பெட்டிகள், விளக்கு எல்லாம் முடிந்து, வீட்டுச் சாமான்கள் ஓட 230 வோல்ட் மட்டும்தான் பாக்கி இருந்தது. வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கும் ஒரு இன்வெர்ட்டரை வாங்கி மாட்டினால் ஆயிற்று, ஒரு மத்தியான வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதலில் செய்தது சோம்பேறித்தனம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 150 வாட் இன்வெர்ட்டர் ஒன்று கையில் இருந்தது. லேப்டாப் 65 வாட், சால்டரிங் அயர்ன் 60 வாட். மொத்தம் 125 தானே என்று இரண்டையும் போட்டேன். இரண்டு நிமிடத்தில் சாக்கெட்டின் ஃபியூஸ் போய்விட்டது. கணக்குப் போட்டால் போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்: இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 12 ஆம்பியர் வரும், என் வண்டியில் இருந்தது 10 ஆம்பியர் ஃபியூஸ். 20 போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அந்த சாக்கெட்டுக்குப் போகும் வயர் 10 ஆம்பியருக்கு என்று போட்டது. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயராக இருக்கும். விட்டுவிட்டேன்.

சரி, பேட்டரியிலிருந்து நேராக எடுக்கும் பெரிய இன்வெர்ட்டர்தான் வழி. எதெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று எழுதிப் பார்த்தேன். லேப்டாப், அயர்ன், டிரில் பேட்டரி சார்ஜர், க்ளூ கன், எல்லாம் சேர்ந்து 350 வாட்டைத் தாண்டவில்லை. 600 வாட் போதும் என்று முடிவு செய்தேன். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. நான் பார்த்த ஒன்றில் 1200 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது ஒரு நொடி தாங்கும் பீக். தொடர்ந்து கொடுக்கக்கூடியது 600 என்று பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மோட்டார் உள்ள சாமான் ஓட்டுபவர்களுக்கு அந்தப் பீக்கும் முக்கியம், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

கரண்டை வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலையாகத் தராமல் படிப்படியாகத் தரும் மாடிஃபைடு சைன் வேவ் இன்வெர்ட்டர் மலிவு. ஆனால் பழைய 150 வாட் அந்த ரகம்தான், அதில் போட்டால் லேப்டாப் சார்ஜர் 'ங்ங்' என்று முனகும், கூடுதலாகச் சூடாகும். அதனால் சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் வாங்கினேன். இதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாவது வாரம்தான் சறுக்கியது. இன்வெர்ட்டரோடு வந்த வயர் இரண்டு சாண் நீளம். பேட்டரி முன்னால் பானெட்டுக்குள், இன்வெர்ட்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், இடையில் 3 மீட்டர். வீட்டில் கிடந்த 6 ஸ்கொயர் எம்.எம். வயரை எடுத்து, முறுக்கி, டேப் சுற்றி நீட்டினேன். லேப்டாப் ஓடியது. ஒரே குஷி.

சோதிக்கலாம் என்று நான்கு 100 வாட் குண்டு பல்புகளை ஒரு பலகையில் மாட்டிக் கொண்டு வந்தேன். லோடு சோதனைக்கு இதைவிடச் சுலபமான சாமான் இல்லை. பல்பாக ஒவ்வொன்றாகக் கூட்டலாம், லோடும் ஆடாது. மூன்று பல்பு வரை சத்தமில்லை. நான்காவதைப் போட்டதும் இன்வெர்ட்டர் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது, லோ பேட்டரி அலாரம். புதுப் பேட்டரி, எப்படி லோ ஆகும்?

மல்டிமீட்டரை எடுத்தேன். இஞ்சின் ஓடவில்லை. பேட்டரி டெர்மினலில் 11.9. இன்வெர்ட்டர் டெர்மினலில் 10.4. ஒன்றரை வோல்ட் வழியில் காணாமல் போயிருந்தது. அலாரம் பொய் சொல்லவில்லை, அதன் வாசலுக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான். கிட்டத்தட்ட 44 ஆம்பியர் ஓடும் இடத்தில், போகவும் வரவும் 6 மீட்டர் ஓடும் 6 ஸ்கொயர் வயரில் மட்டும் முக்கால் வோல்ட் விழும். மீதி முக்கால்? மீட்டரின் ஒரு முனையை ஜாயிண்டுக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தேன். நான் முறுக்கிய ஜாயிண்டுகள்தான் குற்றவாளிகள். ஒன்றைத் தொட்டேன், சுட்டது. டேப் இளகி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. முக்கால் வோல்ட்டை 44 ஆல் பெருக்கினால் 33 வாட், அதாவது நான் சால்டரிங் அயர்னில் பாதியை டேப்புக்குள் ஒளித்து வைத்திருந்தேன்! பேட்டரிப் பக்கம் ஃபியூஸும் போடவில்லை என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மூன்றாவது வாரம் மறுபடி. 16 ஸ்கொயர் வெல்டிங் கேபிள், நன்றாக வளையும். கேபிள் முனையில் மாட்டும் லக்குகளை (போல்ட்டில் முடுக்க ஓட்டையுள்ள உலோக முனைகள்) பிளையரால் நசுக்கவில்லை. லக்கை அழுத்திப் பிடிக்க வைக்கும் ஹைட்ராலிக் கிரிம்பரை இரவல் வாங்கி அடித்து, மேலே சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். இழுத்துப் பார்த்தேன், தொங்கியும் பார்த்தேன், அசையவில்லை. 80 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தேன். இன்வெர்ட்டருக்குள் தனி ஃபியூஸ் இருக்கிறது, ஆனால் நடுவில் ஓடும் 3 மீட்டர் கேபிள் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால் அதைக் காப்பாற்ற இந்த ஃபியூஸை விட்டால் வேறு எதுவும் இல்லை.

இஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வர ஏற்கெனவே ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதில் கத்தியால் சின்னதாகக் கூட்டல் குறி போட்டு, கேபிளில் சோப்புத் தண்ணீர் தடவி உருவினேன். இதற்கே ஒரு மணி நேரம். வண்டியின் தகர பாடி பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்தே இருப்பதால், நெகட்டிவை பின்னால் பாடியிலேயே எடுத்தேன். பெயின்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு லக்கை முடுக்கி, மேலே கிரீஸ். சீட் பெல்ட் போல்ட் கைக்கு வாட்டமாக இருந்தது, ஆனால் அதைத் தொடக் கூடாது. என் வண்டியில் பேட்டரி நெகட்டிவில், போய் வரும் கரண்டை அளக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. நேராக அந்த டெர்மினலில் மாட்டினால் நான் எடுக்கும் கரண்ட் அதன் கணக்கில் வராது. பாடியில் எடுக்க அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக பாசிட்டிவை மாட்டும்போது வரும் பெரிய பொறி இன்வெர்ட்டருக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது. அவை மெதுவாக நிரம்பட்டும் என்று, கரண்டைக் கட்டுப்படுத்தும் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் சில நொடி பிடித்து, அப்புறம் லக்கை வைத்தேன். பொறி வரவில்லை. பிளஸ் மைனஸை மட்டும் மூன்று தடவை பார்த்துக்கொண்டேன்.

மறுபடி நான்கு பல்பு. பேட்டரியில் 12.0, இன்வெர்ட்டரில் 11.7. அலாரம் மூச்சு விடவில்லை. இஞ்சினை ஓட விட்டால் 14.1, 13.8. கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் மட்டும் லேசான வெதுவெதுப்பு.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். எதுவும் மாட்டாமலேயே இந்த இன்வெர்ட்டர் 0.6 ஆம்பியர் தின்கிறது. ஞாயிறு காலைக்குள் 23 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி. ஸ்டார்ட்டர் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. 10 வோல்ட்டில் தானே அணையும் வசதி அதில் இருக்கிறது. அந்த அளவுக்கு இறங்கிய பேட்டரியால் வண்டி கிளம்பாது.

இப்போதைக்கு டேஷ்போர்டில் ஒரு ரிமோட் சுவிட்சும் கண்ணில் குத்துகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறேன். சாவியை எடுத்தால் தானே அணையும்படி ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போடுவது அடுத்த ஞாயிறு வேலை. ஃபேன் சத்தம் மட்டும் எரிச்சல், 200 வாட்டைத் தாண்டினால் ஹேர் டிரையர் மாதிரி கத்துகிறது. பல்புப் பலகையை இன்னும் வேனிலிருந்து இறக்கவில்லை, ரிலே போட்டதும் அது மறுபடி வேண்டும்.