பாக்குவெட்டியா, குத்தூசியா?

வேடந்தாங்கலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏரிக்கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். நானும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். காவல் கோபுரத்தின் மேலிருந்து, நீரில் நிற்கும் மரங்களில் அடைந்த கூழைக்கடாக்களையும் அரிவாள் மூக்கன்களையும் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வருவேன். வீட்டில் பார்த்தால் எல்லாப் படமும் ஒரே படமாக இருக்கும். பறவைகள் ஏரியில் தங்குகின்றன, கூடு கட்டுகின்றன. அவற்றில் பல இரை தேடச் செல்வதோ சுற்றியுள்ள வயல்களுக்கு. இது புரிந்த பிறகுதான் நான் கரையை விட்டு வரப்புக்கு இறங்கினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழிக் காலையில், நவரைப் பட்ட நெல் நடவுக்காகச் சேறடித்து நீர் கட்டியிருந்த வயலொன்றில் ஏழெட்டு நத்தை குத்தி நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சாம்பல் கலந்த வெண்ணிற உடல், கருத்த இறக்கை நுனி, அலகை மூடினாலும் நடுவில் மூடாமல் நிற்கும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி எதற்காக என்பது எனக்கு வெகுநாள் சந்தேகம். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி, பாடம் செய்யப்பட்ட பறவைகளையும் எழுத்துக் குறிப்புகளையும் ஆராய்ந்து, அது பாக்குவெட்டி போல நத்தை ஓட்டை நொறுக்கப் பயன்படுகிறது என்ற முடிவுக்கு வந்தார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அலகின் வடிவமும் பாக்குவெட்டியையே நினைவூட்டுகிறது. ஆனால் பிற்காலக் கள ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. இளம் பறவைகளுக்கு இந்த இடைவெளி இருப்பதில்லை. இருந்தும் அவை நத்தை தின்னத்தான் செய்கின்றன.

படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கண்ணால் காண்பது வேறு. வரப்பில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரத்தில் நாரைகள் என்னைவிட்டு விலகி வயலின் மறுகோடிக்குப் போய்விட்டன. அசையாமல் இருந்ததில், வெயில் ஏறும் வேளையில் ஒன்று மட்டும் மெல்ல என் பக்கம் வந்தது. அது வந்த உற்சாகத்தில், வெண்ணிறப் பறவையை வெயிலில் எடுக்கும்போது ஒளியளவைக் குறைக்க வேண்டும் என்ற பாலபாடத்தை மறந்துவிட்டேன். முதலில் எடுத்த நாற்பது படங்களிலும் இறகு தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்தாற்போல ஒரு வெள்ளைத் திட்டுதான் இருந்தது. திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஒளியளவை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து வைத்தேன்.

நாரை அலகைச் சற்றே திறந்தபடி சேற்றில் விறுவிறுவென்று குத்திக்கொண்டே நடந்தது. திடீரென்று நின்று, கழுத்தின் பாதி வரை நீருக்குள் அமிழ்த்தி, எதையோ தரையோடு அழுத்திப் பிடித்திருப்பதுபோல் தலையை மட்டும் சிறிது சிறிதாக அசைத்தது. தலை மேலே வந்தபோது அலகின் நுனியில் ஓடில்லாத சதை தொங்கியது. கழுத்தை ஓர் உதறு உதறியதும் அது உள்ளே போய்விட்டது. தொடர்ந்து எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில்தான், கீழலகின் நுனி வலப்பக்கமாக இலேசாக வளைந்திருப்பது தெரிந்தது. நத்தை தன் வாயைத் தகடு போன்ற மூடியால் அடைத்துக்கொண்டாலும், அந்த மெல்லிய நுனி ஓட்டுக்குள் நுழைந்து, சதையை அறுத்து எடுத்துவிடுகிறது. மேலலகின் வேலை ஓட்டை அசையாமல் பிடித்துக்கொள்வது. அரிசிக் கடையில் மூட்டைக்குள் செருகி மாதிரி எடுப்பார்களே, அந்தக் குத்தூசிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மடை திருப்ப வந்த பெரியவர் ஒருவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, இது நத்தையை உடைக்குமா?" என்று கேட்டேன். "உடைக்கிறதுன்னா நத்தை உடைச்சின்னு பேர் வெச்சிருப்பாங்களே தம்பி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார். விலங்கியலாளர்கள் விவாதித்த கேள்விக்கு விடை பெயரிலேயே இருந்திருக்கிறது. சேற்றில் கால் வைத்து நின்று பார்த்தவர்கள் இட்ட பெயர் அது. இந்த ஊர்க்காரர்களுக்கும் பறவைகளுக்கும் உறவு பழையது; வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதுகாப்பு உரிமை வாங்கியவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் உண்டு.

நாரைகள் பறந்த பிறகு வரப்போரம் ஆறு ஓடுகளைப் பொறுக்கினேன். ஒன்றிலும் விரிசல் இல்லை. அவற்றில் ஒன்று இப்போது என் மேசையில், லென்ஸ் மூடிகள் போட்டுவைக்கும் கிண்ணத்தில் கிடக்கிறது.

நீருக்கடியில் நடக்கும் அந்தச் சில நொடிகள் மட்டும் இன்னும் என் படங்களில் இல்லை. கலங்காத, கணுக்கால் ஆழத் தண்ணீரில் ஒரு நாரை நத்தையைப் பிடிக்க வேண்டும். வெயில் என் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு பதினோரு காலைகள் போயும் கிடைக்கவில்லை. சாக்கை உதறி வைத்திருக்கிறேன், மார்கழி பிறக்கட்டும்.