காதலைச் சொல்லும் அத்தியாயங்கள்: ஒரு மறுவாசிப்புக் குறிப்பேடு

என் அலமாரியில் அதிகம் கசங்கிப்போன புத்தகங்கள் காதலும் சிரிப்பும் கலந்த நாவல்கள்தான். அவற்றை அவ்வப்போது முழுதாகத் திரும்பப் படிப்பது நெடுநாள் வழக்கம். இப்போது வேறு விதமாக ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாவலிலும் காதல் வாய்திறந்து சொல்லப்படும் அத்தியாயத்தையும் அதற்கு முந்தைய அத்தியாயத்தையும் மட்டும் எடுத்து, அவசரமில்லாமல் படிக்கிறேன். படித்த கையோடு குறிப்பேட்டில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். யார் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? எப்படிச் சொல்கிறார்? அதற்கு வந்த பதில் நம் காதில் விழுகிறதா?

கதைமுடிவுகளை மறைக்காமல்தான் இங்கே எழுதப்போகிறேன். இந்த வகை நாவலில் யாரை யார் மணப்பார் என்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் கடைசிவரை நம்மை உட்காரவைப்பது எது என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எடுத்தது ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'. 1815 டிசம்பரில் வெளிவந்த நாவல், மொத்தம் 55 அத்தியாயங்கள். நமக்கு வேண்டியது 49ஆவது. எம்மாவின் நெடுநாள் குடும்ப நண்பர் நைட்லி லண்டனிலிருந்து திரும்பியிருக்கிறார். ஃபிராங்க் சர்ச்சிலுக்கு வேறொருத்தியோடு ரகசியமாக நிச்சயமாகியிருந்தது என்ற செய்தியால் எம்மா மனம் உடைந்திருப்பாள் என்பது அவர் எண்ணம். நைட்லி தன் தோழி ஹாரியட்டை விரும்புகிறார் என்பது எம்மாவின் அச்சம். தோட்டத்தில் இருவரும் நடக்கிறார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். ஹாரியட்டின் பெயர் வந்துவிடும் என்று பயந்து, சொல்ல வேண்டாம் என்று எம்மா தடுத்துவிடுகிறாள். அவர் வாயடைத்துப்போகிறார். வீட்டு வாசல் வந்துவிடுகிறது. அந்த இடத்தில், தனக்கு எவ்வளவு வலித்தாலும் ஒரு நண்பர் மனம்விட்டுப் பேச வருவதைத் தடுக்கக் கூடாது என்று முடிவுசெய்து, இன்னொரு சுற்று நடக்கலாம் என்கிறாள் எம்மா. அந்த இன்னொரு சுற்றில்தான் எல்லாம் நடக்கிறது.

இந்தப் பக்கத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். எம்மாவின் நல்ல குணம் வெளிப்படும் இடமும் அவள் வாழ்க்கை திரும்பும் இடமும் ஒன்றே என்பது, இப்படித் தனியாக எடுத்துப் படித்தபோதுதான் இவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது. கதை முழுக்க அடுத்தவர் வாழ்க்கையைத் தன் விருப்பப்படி வளைத்தவள், முதல்முறையாகத் தனக்கு நட்டம் என்று தெரிந்தும் ஒருவருக்குச் செவிகொடுக்கிறாள். பரிசு அதற்குத்தான்.

நைட்லி தன் மனத்தைச் சொல்லிவிடுகிறார். எம்மா என்ன பதில் சொன்னாள்? சொல்ல வேண்டியதைச் சொன்னாள், பெண்கள் எப்போதும் அப்படித்தானே என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு ஆஸ்டின் நகர்ந்துவிடுகிறார். குறிப்பேட்டில் நான்காம் கேள்விக்கு நேரே 'விழவில்லை' என்று எழுதினேன்.

அடுத்து, 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. தன்னை மணக்கும்படி எலிசபெத்திடம் டார்சி இரண்டு முறை கேட்கிறான். 34ஆம் அத்தியாயத்தில் ஒருமுறை, 58இல் ஒருமுறை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் முறை அவன் தொடங்கும் இரண்டொரு வாக்கியங்கள் நேர்க்கூற்றில் வருகின்றன. உடனே ஆசிரியர் குறுக்கே புகுந்து, அவன் காதலை எப்படி எடுத்துரைத்தான், அவளுடைய குடும்பத்தின் தாழ்ந்த நிலையைப் பற்றி எவ்வளவு விரிவாகப் பேசினான் என்பதையெல்லாம் அயற்கூற்றில் சொல்லிவிடுகிறார். எலிசபெத் மறுத்தவுடன் சண்டை மூள்கிறது. அந்தச் சண்டை மட்டும் சொல்லுக்குச் சொல் நேர்க்கூற்றில் ஓடுகிறது. இரண்டாம் முறை அவள் சம்மதிக்கும்போது மறுபடி அயற்கூற்று. அவள் என்ன வார்த்தை சொன்னாள் என்று நமக்குத் தெரியாது. மனம் மாறிவிட்டதை அவனுக்குப் புரியவைத்தாள் என்று மட்டும் தெரியும். கோபத்தை நம் காதுபடப் பேசவிடுகிறார், இனிப்பான இடங்களில் திரை போட்டுவிடுகிறார். எழுதிப் பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்குமா என்று தெரியவில்லை.

அந்த இரண்டாம் முறைக்கு டார்சிக்குத் தைரியம் தந்தது யார் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. அவனுடைய அத்தை லேடி கேதரின் 56ஆம் அத்தியாயத்தில் எலிசபெத்தின் வீட்டுக்கே வந்து, என் மருமகனை மணக்கமாட்டேன் என்று வாக்குக் கொடு என மிரட்டுகிறாள். எலிசபெத் மறுக்கிறாள். கொதித்துப்போன அத்தை நேரே டார்சியிடம் போய் நடந்ததை ஒப்பிக்கிறாள். வெறுப்பவளாக இருந்தால் அந்த வாக்கைத் தயங்காமல் கொடுத்திருப்பாளே என்று அவனுக்கு உறைக்கிறது. கல்யாணத்தைக் கெடுக்க வந்தவளே தூதாகிவிட்டாள்.

ஆஸ்டினில் மூன்றாவதாக எடுத்தது 'பெர்சுவேஷன்'. இதற்குத்தான் அதிகப் பக்கங்கள் செலவழித்திருக்கிறேன். 1816 ஜூலை 18 அன்று எழுதி முடித்த இந்த நாவலின் முடிவு ஆஸ்டினுக்கே பிடிக்கவில்லை. சப்பென்று இருப்பதாக நினைத்து, ஆகஸ்ட் 6க்குள் கடைசிப் பகுதியைத் திருத்தி எழுதினார். அடுத்த ஆண்டு அதே ஜூலை 18 அன்று இறந்தார். நாவல் அதற்குப் பிறகுதான் அச்சேறியது. விலக்கிய அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இன்றைய பதிப்புகள் பலவற்றில் அதைப் பின்னிணைப்பாகச் சேர்க்கிறார்கள். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிவது வாசகருக்குக் கிடைத்த பெரும் பேறு.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆனி நிச்சயத்தை முறித்துக்கொண்ட கேப்டன் வென்ட்வொர்த், பழைய முடிவில் ஓர் அறையில் ஆனியிடம் சங்கடமான கேள்வி ஒன்றைக் கேட்க அனுப்பப்படுகிறான்: அவள் வேறொருவரை மணக்கப்போகிறாள் என்பது உண்மையா? இல்லை என்கிறாள். தடை நீங்கிவிடுகிறது. சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆனி அந்த இடத்தில் வெறுமனே பதில் சொல்பவள்தான். புதிய முடிவில், பாத் நகரத்து விடுதி அறையில் வென்ட்வொர்த் ஒரு மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். சற்றுத் தள்ளி ஜன்னலருகே ஆனி, கேப்டன் ஹார்வில் என்ற இன்னொருவரிடம் ஆண்களின் அன்பு நீடிக்குமா, பெண்களின் அன்பு நீடிக்குமா என்று பேசிக்கொண்டிருக்கிறாள். இடையில் ஒரு சிறு சத்தம். வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்திருக்கிறது. அவன் இவ்வளவு பக்கத்தில்தான் இருக்கிறான் என்பது அப்போதுதான் ஆனிக்குத் தெரிகிறது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கேட்கக் கேட்க அவளுக்கே இன்னொரு கடிதம் எழுதுகிறான். வெளியே போனவன் கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்து, தாள்களுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவள் முன் வைத்துவிட்டுப் போகிறான். இங்கே முதலில் பேசியவள் ஆனி. அவனிடம் நேராக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், எட்டு ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்ததை மூன்றாம் மனிதரிடம் பேசித் தீர்க்கிறாள்.

இந்தப் பக்கங்களுக்குப் பிறகு குறிப்பேட்டில் ஒரு கேள்வியைக் கூட்டினேன்: வழியில் நிற்கும் மூன்றாம் ஆள் யார்?

அந்தக் கேள்வியோடு பார்த்தால் இ. எம். ஃபார்ஸ்டரின் 'எ ரூம் வித் எ வியூ' (1908) வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. கடைசிப் பகுதியில், நாயகி லூசி சொல்லும் பொய்களாக அத்தியாயத் தலைப்புகளே கதை சொல்கின்றன: ஜார்ஜிடம் பொய், அவளுக்கு நிச்சயமாகியிருந்த செசிலிடம் பொய், பிறகு பாதிரியார், அம்மா, தம்பி, வேலைக்காரர்கள் எல்லோரிடமும் பொய், இறுதியாக முதியவர் எமர்சனிடம் பொய். லூசி ஜார்ஜைக் காதலிக்கிறாள் என்பதை உடைத்துச் சொல்வது ஜார்ஜின் அப்பாவான அந்த முதியவர்தான், அவளிடமே சொல்கிறார். ஜார்ஜ் அந்த அறையில் இல்லவே இல்லை. அடுத்த அத்தியாயத்தில் இருவரும் கல்யாணம் முடிந்து ஃபிளாரன்சில் இருக்கிறார்கள். நடுவில் அவள் போய் அவனிடம் சொன்ன காட்சி நாவலில் கிடையாது.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. அகத்திணையில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறையே இருக்கிறது. தலைவியின் காதலைத் தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம் எடுத்துச் சொல்வாள், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள். காதல் இன்னொருவர் வாய்வழியே போகும்போது அதற்கு ஒரு கண்ணியமும் கூடவே ஒரு நாடகமும் வந்துவிடுகிறது. எமர்சனை நான் இப்போது தோழியின் இடத்தில் வைத்துத்தான் படிக்கிறேன். லேடி கேதரினையும் அங்கே வைக்கலாம். தான் தோழி என்று தெரியாத தோழி.

ஜீன் வெப்ஸ்டரின் 'டாடி லாங் லெக்ஸ்' (1912) இந்த வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமானது. அநாதை விடுதியில் வளர்ந்த ஜூடியை முகம் காட்டாத ஒருவர் கல்லூரியில் படிக்கவைக்கிறார். அவருக்கு அவள் எழுதும் கடிதங்கள்தான் கிட்டத்தட்ட முழு நாவலும். ஓரங்களில் வரும் குச்சிக்கோட்டுப் படங்களையும் வெப்ஸ்டரே வரைந்தார். ஜூடி, ஜெர்விஸ் என்பவனின் காதலை மறுத்துவிட்டு, மனம் தாங்காமல் தன் புரவலருக்கு எழுதுகிறாள்: எனக்கு அவர்மேல் உயிர், என் பிறப்பைச் சொல்லத்தான் துணிவில்லை, நான் என்ன செய்யட்டும்? படித்துப் பார்ப்பவன் ஜெர்விஸேதான். மூன்றாம் ஆள் என்று நினைத்து அவள் கொட்டியது, உரியவன் கையில் போய்ச் சேர்கிறது. முடிவு தெரிந்து மறுபடி படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள், அந்த இரண்டாமவனின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டே படிக்கலாம். கடைசிக் கடிதத்தில் அவளே சொல்கிறாள், இதுதான் நான் எழுதும் முதல் காதல் கடிதம் என்று. உண்மையில் அதற்கு முன்பே ஒன்று எழுதிவிட்டாள்.

பி. ஜி. உட்ஹவுஸ் மட்டும் இந்தக் கேள்விகளுக்குள் அடங்க மறுக்கிறார். 'லீவ் இட் டு ஸ்மித்' (1923) நாவலில் ஈவ் மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள். எதிரே உள்ள கிளப்பின் ஜன்னலிலிருந்து அவளைப் பார்த்த ஸ்மித், உள்ளே போய் வேறொருவருடைய நல்ல குடையை எடுத்துவந்து அவளிடம் நீட்டிவிட்டுப் போகிறான். அதன்பிறகு அவன் எதையும் மறைப்பதே இல்லை. வாய் ஓயாமல் தன்னை மணந்துகொள்ளச் சொல்கிறான். ஈவ் அவனை மெக்டாட் என்ற கவிஞராக, அதுவும் தன் தோழியைக் கைவிட்ட கணவனாக நினைத்துக்கொண்டிருப்பதுதான் சிக்கல். அதாவது, காதலைச் சொல்கிறவனே இங்கே வேறு ஆளின் பெயரில் நின்றுகொண்டு சொல்கிறான். உட்ஹவுஸ் நாடகமேடைக்காக இசைக் கூத்துகள் எழுதிப் பழகியவர். தன் நாவல்களையே இசையில்லாத இசைக் கூத்து என்றுதான் சொன்னார். இதை மனத்தில் வைத்து, உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். வாக்கியங்களின் தாளம் அப்போது முழுதாகக் கேட்கிறது. எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டியது.

ஜார்ஜெட் ஹேயரின் 'கொட்டிலியன்' (1953) பற்றி நிறைய எழுதலாம், எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்று போதும். கிட்டி வேறொருவனுக்கு ஆசைப்பட்டு, ஃபிரெடியோடு பொய்யாக நிச்சயம் செய்துகொள்கிறாள். ஃபிரெடி வீரன் இல்லை, பெரிய அறிவாளியும் இல்லை; நன்றாக உடுத்துவான், சபையில் எப்படி நடந்துகொள்வது என்று அறிந்தவன். கிட்டி ஓரிடத்தில் ஃபிரெடியின் தங்கையிடம் சொல்கிறாள்: கதையில் வரும் வீரர்கள் டிராகனைக் கொல்வார்கள், ஆனால் நாலு பேர் நடுவில் நமக்கு வரும் சங்கடத்திலிருந்து காப்பாற்ற அவர்களால் முடியாது, டிராகனைக் கொல்லும் ஆள் நமக்கு எதற்கு? கேட்பவள் தங்கை. சொல்லப்படுபவன் அங்கே இல்லை. என் கணக்கில் இந்த நாவலின் காதல் வாக்குமூலம் அதுதான். முறைப்படி கேட்கும் இடம் பின்னால் வருகிறது, அது நன்றாகவும் இருக்கிறது, ஆனாலும் அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது.

இரண்டு பக்க வசனத்தில் நாயகன் தன் நெஞ்சைத் திறந்து காட்டும் நாவல்களையும் இதற்கிடையில் எடுத்துப் பார்த்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. அவற்றில் நான் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

இப்போது கையில் இருப்பது எல். எம். மான்ட்கோமரியின் 'தி புளூ காஸில்' (1926). இருபத்தொன்பது வயது வாலன்சி, இன்னும் ஓராண்டுதான் உயிரோடு இருப்போம் என்று நம்பி, தானே பார்னியிடம் போய் என்னை மணந்துகொள்கிறாயா என்று கேட்டுவிடுகிறாள். நேருக்கு நேர், சுற்றிவளைக்காமல். என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நேர்மாறான விடை. அவனும் சம்மதிக்கிறான். ஆனால் அவன் காதலிப்பதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, இரக்கத்தால் மணந்திருக்கிறான் என்றே அவள் நினைக்கிறாள். பிறகு ரயில் பாதையில் அவள் காலணி மாட்டிக்கொள்கிறது, ரயில் வந்துகொண்டிருக்கிறது, அவன் அவளை விட்டு நகரவில்லை. சொல் அவளுடையது, அதற்கான பதில் பல மாதங்கள் கழித்து அவன் உடம்பு கொடுப்பது. மூன்றாம் ஆளுக்கான கட்டத்தில் ரயிலை எழுதுவதா, அவள் உயிருக்குக் கெடு குறித்த மருத்துவரின் கடிதத்தை எழுதுவதா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.

அடுத்ததாக கிரேம் சிம்சியனின் 'தி ரோஸி பிராஜெக்ட்' காத்திருக்கிறது. மனைவி தேட 16 பக்கக் கேள்வித்தாள் தயாரிக்கும் மரபணுவியல் பேராசிரியர்தான் கதை சொல்பவர். தன் காதலைத் தானே கடைசியில் அறிந்துகொள்ளும் ஒருவரிடம், 'யாரிடம் சொல்கிறார்' என்ற கேள்வியைப் போட்டுப் பார்க்க ஆவலாக இருக்கிறது.