சாவி டைம் கீப்பரிடம்

மகளுக்கு அப்போது நான்காவது மாதம். சித்திரை வெயிலில் அம்மா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் மாற இறங்கிய ஊரில் (பெயர் வேண்டாம், எந்த ஊராகவும் இருக்கலாம்) கால் வைத்ததுமே அழ ஆரம்பித்தாள். பசி அழுகை. அது காதில் விழுந்தாலே எனக்குப் பால் கசியத் தொடங்கிவிடும். சுடிதார் நனைவதற்குள் எங்காவது உட்கார வேண்டும்.

'தாய்மார்கள் பாலூட்டும் அறை' என்று போர்டு இருந்தது. 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தையொட்டி ஜெயலலிதா பேருந்து நிலையங்களில் தொடங்கிவைத்த திட்டம். நல்ல திட்டம்தான். கதவில் பூட்டு தொங்கியது. சாவி டைம் கீப்பரிடம் என்றார் டீக்கடைக்காரர். டைம் கீப்பர் சாப்பிடப் போயிருந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு துடைப்பம், இரண்டு பக்கெட், கால் உடைந்த நாற்காலி.

சரி என்று பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆன்லைனில் வாங்கிய ஃபீடிங் கவர் இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கூடாரம் மாதிரி ஒன்று. அந்த வெயிலில் அதற்குள் யார் இருப்பார்கள்? பிள்ளை காலால் உதைத்தாள், கையால் இழுத்தாள், நெற்றியெல்லாம் வேர்வை. மூன்றாவது தடவை நானே கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். புடவையாக இருந்தால் இந்தப் பாடே இல்லை.

ஆண்கள் பார்த்தார்கள்தான், போனைப் பார்ப்பதுபோல. ஆனால் வாய் திறந்து சொன்னது என் வயதுப் பெண் ஒருத்தி. "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காரலாம்ல? ஆம்பளைங்க இருக்காங்க." அந்தப் பக்கம் கழிப்பறைச் சுவர். பதில் பேசாமல் திரும்பி உட்கார்ந்தேன். இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான்.

அவளையும் முழுசாகத் திட்ட முடியவில்லை. 2018-ல் மலையாளப் பத்திரிகை கிருகலட்சுமியின் அட்டையில் ஒரு மாடல் குழந்தைக்குப் பால் கொடுக்கும் படம் வந்து, வழக்கு வரை போனதே, நினைவிருக்கிறதா? அதில் ஆபாசம் எதுவும் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படம் சுற்றியபோது, "இதெல்லாம் தேவையா?" என்று எழுதியவள் நான். கல்யாணம்கூட ஆகவில்லை அப்போது.

"அவ கெடக்கறா. புள்ள மூஞ்சிய மூடாத சாமி, மூச்சு முட்டும். மாராப்ப மட்டும் இழுத்து விடு, கண்ணு படாது" என்றார் பூக்காரம்மா.

என் அம்மாயியும் இதையேதான் சொல்வாள். நடவுக்குப் போனால் வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டிருப்பாளாம். பிள்ளை அழுதால் சேற்றுக் கையைக் கழுவிவிட்டு வரப்பில் உட்கார்ந்து கொடுப்பாள். ஏர் ஓட்டுகிறவர், நாற்றுக்கட்டு சுமக்கிறவர் எல்லாரும் அந்த வரப்பில்தான் நடப்பார்கள். அவளும் முந்தானையைப் போட்டு மூடுவாள். ஆனால் யாராவது ஏக்கமாகப் பார்த்தால் பிள்ளைக்குக் கண்ணேறு, பால் வற்றிவிடும் என்ற பயத்தில். எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவள் மூடியது பிள்ளைக்காக. வேர்வையில் துடித்த என் பிள்ளையை நான் யாருக்காக மூடினேன்?

ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் மாற்றி, ஏப்பம் விட்டு, தோளிலேயே தூங்கிப்போனாள். நான் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் டைம் கீப்பர் சாவிக்கொத்தோடு அரக்கப்பரக்க வந்தார்.

"நீங்கதானாம்மா கேட்டது? தொறக்கட்டுங்களா?"

"ஆமா, நாளைக்குக் குடிக்கிறதுக்கு இப்பவே தொற" என்றார் பூக்காரம்மா, நாரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவர் எதற்கும் திறந்தார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போனார்.